ஒரே மாதிரியான மூன்று அளவுகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

விழுந்தால் எழுந்து நிற்கிற பலம் சிலருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று போன வாரம் போனில் கேட்டாய். யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே என்று எழுத ஆசைதான், ஆனால் ஒரு தாளில் தோற்று அடுத்த மாதம் மறுபடி எழுதப் போகிறவளுக்கு அப்படி எழுதினால் பொய்யாக இருக்கும். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. உன் தம்பி புதுச் செருப்பில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, "இன்னொண்ணு பத்திரமா இருக்கேம்மா" என்கிறான். நீ கேட்ட பலம் அவனிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் மனஉறுதி பற்றி ஒருவர் வந்து பேசினார். மூச்சை இழுத்து விடச் சொன்னார், விட்டோம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை வரவில்லை. இன்று காலை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் என் மாணவிகளுக்கு மாதிரித் தேர்வு. வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் ஒருத்தி, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்ததில் மூன்று முறையும் இம்மி பிசகாமல் ஒரே அளவு வந்ததாக எழுதியிருந்தாள். அமிலம் விடுகிற அளவுக் குழாயை, பியூரெட்டைப் பார்த்தேன், ஒரு முறைக்கு உண்டான அமிலம்தான் குறைந்திருந்தது; மற்ற இரண்டும் செய்யாமலே எழுதியவை. ஏன் இப்படி என்று கேட்டேன். "ரெண்டாவது தடவை தப்பா வந்துட்டா என்னால தாங்க முடியாது மேடம்" என்றாள். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லையாம், அறைத்தோழியிடம்கூடச் சொல்லவில்லையாம், படிப்பையே விட்டுவிடப் போகிறாளாம். நான் முதலில் விதியைத்தான் சொன்னேன், இந்தத் தாள் செல்லாது என்று. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொல்லத் தோன்றியது. நாளை பத்து மணிக்கு வந்து மறுபடி செய், என்ன வருகிறதோ அதையே எழுது, இன்றைக்கே தோழியிடம் சொல், மனநல ஆலோசகரையும் பார் என்றேன். தலையாட்டினாள். வருவாளா என்று தெரியாது.

அவள் போன பிறகு உன் நினைப்பு வந்தது. மூன்று மாதமாக ஞாயிறுதோறும் "நல்லா இருக்கேன், சாப்ட்டேன், தூங்கினேன்" என்று வார்த்தை மாறாமல் சொன்னாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன். துருவிக் கேட்டால் அழுவாய், அழுதால் என்ன சொல்வதென்று தெரியாது, அதனால் கேட்கவில்லை. அது என் தப்பு. நான் பார்த்தவரை தாங்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னவர்கள். பத்துப் பதினைந்து பேரைப் பார்த்துவிட்டு இதை விதி என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் இந்த ஞாயிறு உள்ளதைச் சொல், அழுதாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

தேர்வு எப்படிப் போனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கிவிட்டு எனக்கு ஒரு வரி போடு, மறக்காதே.

உன் அம்மா

மறுநாள்: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்கிறேன். பத்து மணிக்கு அந்தப் பெண் வரவில்லை. பத்தே முக்காலுக்கு அறைத்தோழி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "மூணு வாரத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அசந்து தூங்கினா, நான்தான் எழுப்பல மேடம், திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றாள். திட்டவில்லை. அந்தப் பெண் மூன்று முறை செய்தாள், மூன்றும் மூன்று விதமாக வந்தன. அப்படியே எழுதினாள், கையெழுத்துப் போட்டேன். பியூரெட்டைக் கழுவிக்கொண்டே, நான்காவது தடவையும் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டாள்.