மடைப்பள்ளிக் காணி

சாவகச்சேரி,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

என்ரை பேத்தி ஆரபிக்கு, பிள்ளையார் துணையாலை நீயும் பிரணவனும் அங்கை சுகமாய் இருக்கவேணும்.

காணி உறுதி எழுதின அண்டைக்கு நொத்தாரிசு சீவரத்தினத்தின்ரை விறாந்தையிலை இருந்த ஆக்கள்: வித்த முருகேசர், அவற்றை மனிசி சிவக்கொழுந்து, உன்ரை அப்பப்பா, சாட்சிக் கையெழுத்து வைக்க வந்த என்ரை அண்ணை, என்ரை மடியிலை பால் குடிச்சுக்கொண்டிருந்த உன்ரை அப்பா, நான். சிவக்கொழுந்து பச்சைச் சீலை. தந்த தேத்தண்ணியிலை எனக்கு மட்டும் சீனி இல்லை. எனக்கு ஒண்டும் மறக்காது.

இதை இப்ப ஏன் எழுதுறன் எண்டால், போன ஞாயிறு நீ சொன்ன கதை. நீங்கள் வாங்கப்போற வீட்டுக்குக் கிட்ட பழைய சேர்ச் ஒண்டு இருக்காம். அதின்ரை பூசை மேடைப் பக்கம் பழுதானால், பழங்காலத்துச் சட்டப்படி அயலிலை காணி வைச்சிருக்கிறவைதான் திருத்தவேண்டி வருமாம். அதுக்கு முன்கூட்டியே காப்புறுதி எடுக்கச் சொல்லி லோயர் சொன்னாராம். பிரணவன் பின்னாலை நிண்டு, சாமியாரே மறந்துபோன கதைக்கு ஏன் காசைக் கரைக்கவேணும் எண்டு சிரிச்சது எனக்குக் கேட்டது. நான் வாயெடுக்க முந்தி, அடுப்பிலை ஏதோ எரியுதெண்டு நீ ஃபோனை வைச்சிட்டாய். கடிதத்தை அப்பிடி வைக்கேலாது பிள்ளை.

எங்கடை காணிக்கும் உப்பிடி ஒரு கடமை இருந்தது. இந்தக் காணியிலை ஆர் இருக்கினமோ, அவைதான் பிள்ளையார் கோயில் மடைப்பள்ளியைத் திருத்திக் குடுக்கவேணும். முருகேசரின்ரை பாட்டன் வைச்ச நேர்த்தியாம். உறுதியிலை இல்லை, ஊர் வாயிலை இருந்தது. நாங்கள் தொண்டைமானாற்று ஆக்கள், எங்களுக்கு என்ன தெரியும்? காணி வாங்க முந்தி அயலட்டையிலை நாலு பேரை விசாரிக்கிறது வழக்கம். அண்ணை இஞ்சை கலியாணம் முடிச்சுப் பக்கத்து வளவிலை இருக்கிறார்தானே எண்டு நாங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லை.

முதலிலை ஓடு மாத்திச் சமாளிச்சம். பிறகு ஷெல் விழுந்து மடைப்பள்ளி தரைமட்டம். கோயிலார் வீட்டு முத்தத்திலை வந்து நிண்டினம். மனிசர் கேட்டால் சண்டை பிடிக்கலாம். பிள்ளையாரோடை ஆர் சண்டை பிடிக்கிறது? என்ரை தாலிக்கொடி சுவராய்ப் போச்சு. கூரைக்காக உன்ரை அப்பா படிப்பை விட்டிட்டு வெளிநாடு வெளிக்கிட்டவன். கூரை வந்தது, அவன் வரேல்லை. அவன்ரை செத்தவீட்டையும் நான் ஃபோனிலைதான் பாத்தனான். நடுவிலை படம் நிண்டு போச்சு.

ஏன் மறைச்சனியள் எண்டு அண்ணையைக் கேட்டன். சொல்லியிருந்தால் நீ வாங்கியிருக்கமாட்டாய், எனக்குப் பக்கத்திலை வந்திருக்கமாட்டாய் எண்டார். அதுக்குப் பிறகு நான் அவரோடை கதைச்சதில்லை. விறாந்தையிலை இருந்த ஆக்களிலை இப்ப மிச்சம் நாங்கள் ரெண்டு பேர்தான். அண்ணை முருங்கை இலை ஒடிச்சு வேலிக்கு மேலாலை போடுவார். நான் ஆட்டுக்கு வைக்கிறன். விடிய அவர் இருமுறது கேக்கும். கேக்காத நாளிலை எனக்குத் தேத்தண்ணி இறங்காது.

ஆனபடியால் அந்தக் காப்புறுதியை எடு. பிரணவன் சிரிச்சால் அப்பம்மா சொன்னது எண்டு சொல்லு. வீடு வாங்கினால் நீங்கள் அங்கையே இருந்திடுவியள் எண்டு எனக்குத் தெரியும். சேர்ச்சைக் காட்டிப் பயப்பிடுத்தி, வீடு வேண்டாம், இஞ்சை வா எண்டு கூப்பிடவும் எனக்குத் தெரியும். கூப்பிடமாட்டன். நான் அவரில்லை.

நீங்கள் பால் காய்ச்சிற அண்டைக்கு உன்ரை பேரிலை மடைப்பள்ளியிலை பொங்கச் சொல்லிப் போட்டன். நாள் எதெண்டு மட்டும் சொல்லு. நல்லாய் இருங்கோ. பிள்ளை பிறந்தால் ஒருக்கால் கொண்டுவந்து காட்டு, நான் வாசல் விளக்கை நூக்காமல் எரியவிட்டு இருக்கிறன்.

உன்ரை அப்பம்மா,
மகாதேவி.

வந்தால் வேலிக்கு அங்காலை இருக்கிற கிழவன் உன்னைக் கூப்பிடுவார். போ, வயது போனவர், காலைத் தொட்டுக் கும்பிடு. சாப்பிட்டாரோ எண்டு கேள். நான் கேக்கச் சொன்னதெண்டு சொல்லாதை. நான் மன்னிக்கமாட்டன். அவற்றை பேர் ஆழ்வாப்பிள்ளை.