அப்பாவுக்குத் தெரியும் மின்மினிகள்

அன்புள்ள குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்வார், அதனால் இதை எழுதி, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன்.

லீவுக்கு வரும்போது குழந்தைக்கு மின்மினி காட்டவேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து உன் அப்பாவுக்கு வேறு வேலை இல்லை. புல்லை வெட்டாதே, சருகைக் கூட்டாதே, மருந்து அடிக்காதே, மண் ஈரமாக இருக்கட்டும், வெளியே விளக்கு வேண்டாம் என்று நீ சொன்னதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. வாசல் பல்பைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். பின்னால் கொடியில் காயும் துணியை எடுக்கப் போனால் முழங்கால் உயரத்துக்குப் புல், காலடியில் என்ன ஊர்கிறதோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிறேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பத்து நாள் முன்பு பொழுது சாயும் நேரத்தில், வந்துடுச்சு வந்துடுச்சு, இங்க வா என்று பின்வாசல் படியிலிருந்து கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு, கண்ணாடிய மாத்து என்று கேலி செய்தார். நானும் அதை நம்பிப் போய்ப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தேன், மருந்துச் சீட்டில் இருக்கும் பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது, மின்மினி மட்டும் தெரியவில்லை.

முந்தாநாள் காலை பல் துலக்கிக்கொண்டே, பாத்ரூம்லயும் ஒண்ணு வந்துடுச்சு பாரு என்றார். வெயில் ஏறிய பிறகு மின்மினி ஏது. கண்ணை மூடுங்க, இப்பவும் தெரியுதா என்று கேட்டேன். மூடிக்கொண்டு சிரித்தபடியே, தெரியுதே, இடது ஓரமா பளிச்சுனு போகுது என்றார். மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். கண்ணுக்குள்ள திரை கிழிஞ்சாலும் இப்படி வெளிச்சம் அடிக்கும்மா, ஆறப்போடாதீங்க, பார்வையே போயிடும் என்றார். வாங்க டாக்டரிடம் என்றால், முப்பது வருஷம் பஸ் ஓட்டின கண்ணு, ஒரு சைக்கிள்காரனைக்கூட உரசினதில்ல, பேத்தி வந்துட்டுப் போகட்டும் என்று தட்டிக்கழிக்கிறார். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அவர் படியில் கால் வைக்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

நேற்றுச் சாயங்காலம் நிஜமாகவே ஒன்று வந்தது, நான் பார்த்தேன். புல்லிலிருந்து எழும்பி, அப்பாவின் இடது கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று நாலைந்து தடவை மினுங்கியது. அவர் நேரே தோட்டத்தைப் பார்த்தபடி, என்னமோ இன்னிக்கு ஒண்ணையும் காணோமே என்றார். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவே இல்லை.

இதைப் பார்த்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிடு. திட்டினாலும் சரி, அழுதாலும் சரி, உன் பேச்சைத்தான் கேட்பார். வண்டிக்குச் சொல்லிவிட்டேன், வாசலில் நிற்கிறது. நீங்கள் மூவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் அவரிடம் சொல்லாதே.

கலங்கிப்போய் இருக்கும்
உன் அம்மா