கப்பலில் இருந்த மாப்பிள்ளையும் செங்கல்பட்டு நகலும்

கிழக்குத் தாம்பரம்
சனிக்கிழமை காலை

என் அன்பு ஜெரூவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் வலது முட்டியைத் தவிர. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். தினமும் வாட்ஸப்பில் முகம் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கேட்ட கோர்ட் நகல் இந்தக் கவரில் இருக்கிறது. முத்திரை குத்திய அந்தப் பேப்பரை மட்டும் தனியாக அயர்லாந்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அதனால் துணைக்கு இதையும் வைக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், அப்பா நடுவில் பேசுவார், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

உன் கல்யாணம் முறிந்த சமயத்தில் சபை வாசலில் யாரோ மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, உன் அப்பா சட்டென்று, கப்பலில் வேலை கிடைத்துப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார், நினைவிருக்கும். வாழ்நாளெல்லாம் ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர் வாயில் கப்பல் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்று புறப்பட்ட கப்பல் ஆறு வருஷமாகக் கரைக்கே வரவில்லை. ஊர் உலகமெல்லாம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த கொரோனாக் காலத்திலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீ அயர்லாந்துக்குக் கிளம்பியபோது, மாப்பிள்ளைதான் கடலிலேயே இருக்கிறாரே, பிள்ளை மட்டும் இங்கே தனியாக என்ன செய்யும் என்று எல்லோரும் நியாயமாகவே பேசினார்கள். இப்போது நீயும் ஆல்வினும் ஆகஸ்டில் கல்யாணம் பண்ணிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு இங்கே வரப்போகிறீர்கள். பழைய கல்யாணம் ரத்தான தீர்ப்பின் நகல் இல்லாமல் அங்கே பதிவு செய்ய மாட்டார்கள் என்றாய், அது ஒரு கவலை. பேப்பர் கிடைத்துக் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தால் ஆல்வினைச் சபைக்கு யார் என்று சொல்லி அழைத்துப் போவது, அது அதைவிடப் பெரிய கவலை. அதற்கும் உன் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். அதே மாப்பிள்ளைதான், கடல் காற்றில் ஆளே மாறிவிட்டார் என்று சொல்லிவிடலாமாம். ஆல்வின் அரை அடி உயரம் அதிகமாயிற்றே என்று கேட்டேன். கப்பல் சாப்பாடு என்றார்.

சரி, நகல் கதைக்கு வருகிறேன். வக்கீல் பத்ரிநாராயணன் சார், உன் கேஸை நடத்தினாரே, அவரிடமே போய்விடலாம் என்று நான் சொன்னேன். ஒரு நகல் வாங்க வக்கீல் எதற்கு, நான் பார்க்காத ஆபீஸா என்று அப்பா என்னை நேரே செங்கல்பட்டுக்கு ரயிலேற்றிவிட்டார். போன மாதம் முதல் வியாழக்கிழமை அது. பெருங்களத்தூர் தாண்டும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. கேஸ் நம்பர் எங்கள் இருவருக்கும் தெரியாது, வருஷமாவது தெரிய வேண்டும் அல்லவா. அப்பா இருபத்திரண்டு என்கிறார். நான் இருபது என்கிறேன். முடிச்சூர் பக்கம் தண்ணீர் நின்ற மழைக்கு முன்னாலேயே கேஸ் போட்டாகிவிட்டது, மழைக்குப் பிறகுதான் தீர்ப்பு வந்தது என்று நான் கணக்குச் சொன்னால், மழையை வைத்தெல்லாம் கோர்ட் நடக்காது என்று எரிந்து விழுகிறார். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் இறங்கிப் பெட்டி காலியானதும் அவர் எழுந்து எதிர்ப் பக்க ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பையைத் திறந்து கடலை மிட்டாய் எடுத்துத் தனியாகத் தின்றேன்.

குடும்ப நல நீதிமன்றத்தில் நகல் பிரிவில் இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார். கேஸ் நம்பர், வருஷம், இரு தரப்பார் பெயர், தீர்ப்புத் தேதி எல்லாம் நகல் மனுவில் எழுத வேண்டும், கேஸில் சம்பந்தப்பட்டவர்தான் கேட்கவேண்டும், வெளிநாட்டில் இருந்தால் அவர் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதத்தோடு வக்கீல் மூலமாகக் கேட்கலாம் என்றார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, நான் பெற்ற அப்பா என்றார். அப்பா பார்ட்டி இல்லை சார் என்றார் அந்த அம்மாள். இத்தனைக்கும் நீ அனுப்பிய கடிதம் அவர் பைக்குள்ளேயே இருக்கிறது, பெற்றவனுக்கு எதற்கு லெட்டர் என்று ரோஷத்தில் அதை வெளியே எடுக்கவே இல்லை. அந்தக் கோபத்தில் நான் வராந்தா பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன், அவர் மறு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் நடுவில் எல்லம்மா என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பொத்தேரிக்காரி, மாணவர் விடுதியில் பெருக்கித் துடைக்கிற வேலை, புருஷன் ஜீவனாம்சம் தரவில்லை என்று கேஸ். என்னையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். இன்னாம்மா இந்த வயசுல உங்களுக்கு இன்னா பேஜாரு, பேரன் பேத்தி எடுத்துகினு வூட்டாண்ட குந்திகினு கீற நேரத்துல இங்க வந்துகினு கீறீங்களே என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டாள். நாங்க அதுக்கு வரலைம்மா என்று அப்பா பதறினார். இங்க வர்றவங்க அல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்றாங்கோ என்று அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

இது போதாதென்று, எதிரே வேறு ஏதோ ஆபீஸுக்கு வில்லங்கம் பார்க்க வந்த ஸ்டெபின், நம் சபையில் கீபோர்டு வாசிக்கிறானே அவன், எங்களைப் பார்த்து ஸ்தோத்திரம் அங்கிள் என்று சிரித்தபடி வந்தான். வந்தவன் தலைக்கு மேலிருந்த போர்டைப் படித்தான், பெஞ்சின் இரு ஓரத்தையும் பார்த்தான், ஏதோ போன் வந்தது போல காதில் வைத்துக்கொண்டு போய்விட்டான். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பத்ரி சாரிடம்தான் போனோம். அவர் உன் பெயரைப் போனில் போட்டுத் தேடி நொடியில் நம்பரை எடுத்துவிட்டார். கேஸ் நம்பரோடு வருவது கேஸ் போட்ட வருஷமாம், அது இருபது. தீர்ப்பு வந்தது இருபத்திரண்டு. இரண்டு பேர் சொன்னதும் சரி என்று அவர் சமாதானம் சொன்னார், ஆனால் மனுவில் எழுதியது என் வருஷம்தான் என்பதை நீ கவனிக்க வேண்டும். உன் கடிதத்தை இணைத்து ஸ்டாம்ப் ஒட்டி மனுவைக் கொடுத்தாயிற்று. முடிந்துபோன கேஸ் என்பதால் கட்டு பதிவறையில் இருக்கிறது, தேடி எடுத்து நகல் போடக் கொஞ்சம் நாளாகும் என்றார்.

மறுநாள் முதல் வெள்ளி, பெண்கள் ஜெபக்கூட்டம். மனதில் பாரமாக இருந்தது, சொல்லவும் பயம். நம் கூட்டத்தில் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, பெயர் சொல்ல முடியாத காரியத்துக்குப் பெயரில்லாமல் ஜெபக்குறிப்பு கொடுப்பது. நானும் எழுந்து, ஒரு குடும்பத்தின் கோர்ட் காரியம், பேப்பர் தடையில்லாமல் கைக்கு வரவேண்டும், அந்தக் குடும்பத்துக்குப் புது வாழ்வு அமையவேண்டும் என்று சொன்னேன். சங்கச் செயலாளர் அபிகாயில் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல. அவளே ஜெபித்தாள், அழுதுகொண்டே ஜெபித்தாள். பிறத்தியார் கஷ்டத்துக்கு இவ்வளவு உருகுகிறாளே, இவளைப் போய்க் கறார் என்று நினைத்தோமே என்று நான் வெட்கப்பட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் ஆயர் ஐயாவும் அபிகாயிலும் சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்தார்கள். ஐயா உட்கார்ந்ததும், முப்பத்தெட்டு வருஷ இல்லற வாழ்க்கை எவ்வளவு பெரிய ஆசீர்வாதம் என்று ஆரம்பித்தார். சகோதரர் சுந்தர்சிங், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். உன் அப்பா முகம் வெளிறிவிட்டது. இன்று எங்கள் கல்யாண நாள், தான் மறந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து, தப்பு என்மேலதான் ஐயா, எத்தனை தடவை சொல்லியும் இதே தப்பைப் பண்றேன், இனிமே பண்ண மாட்டேன் என்றார். ஐயா கண்ணை மூடி, தேவனுக்கு மகிமை என்றார். அபிகாயில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிச்சிடுங்க ஜோதிக்கா, இந்த வயசுல அந்தக் கோர்ட்டுப் படி ஏறலாமா, ஸ்டெபின் சொன்னப்ப நான் நம்பவே இல்ல என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணு, நானும் உன் அப்பாவும் விவாகரத்து வாங்கப்போகிறோம் என்று சபையில் மூன்று நாளாக ஓடியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கத் தொடங்கும்போதே அப்பாவைப் பார்த்தேன். அவர் வாய் திறந்துவிட்டது, அது ஒண்ணுமில்லை ஐயா, ஒரு நிலத்து விஷயமா என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்த கப்பல் கிளம்புகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதையும் கிளப்பி விட்டால் கிறிஸ்துமஸுக்கு நீ ஆல்வினோடு வந்து நிற்கும்போது தலை குனிந்து நிற்கப்போவது நாங்கள் இல்லை, நீதான். நீ என்ன தப்பு செய்தாய். அந்த வீட்டில் பட்டதெல்லாம் போதாதென்று, அதிலிருந்து வெளியே வந்ததையும் ஏதோ திருட்டுச் சாமானைப் போல நாங்கள் ஏன் ஒளித்து வைக்கவேண்டும் என்று தோன்றியது. நிலம் இல்லை ஐயா, எங்க ஜெரூஷாவோட தீர்ப்பு நகல் வாங்கப் போனோம், அவளுக்கு விவாகரத்து ஆகி மூணு வருஷமாச்சு, கப்பல்னு சொன்னதெல்லாம் பொய், ஆகஸ்டுல அவளுக்கு ஆல்வின்னு ஒரு நல்ல பிள்ளையோட கல்யாணம், நீங்க ஜெபிக்கணும் என்று சொல்லிவிட்டேன். அப்பா என் கையை விடவே இல்லை, அதுவும் சொல்ல வேண்டும். ஐயா சாத்துக்குடியை ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, தேதி என்ன என்று கேட்டுத் தன் டைரியில் எழுதிக்கொண்டார், ஆல்வினுக்கு எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். அவ்வளவுதான். ஆறு வருஷமாக எதற்குப் பயந்தோமோ அது ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

கேட்டருகே ஐயா ஸ்கூட்டரை எடுக்கும்போது அபிகாயில் செருப்பு மாட்டுகிறாள், மாட்டுகிறாள், மாட்டிக்கொண்டே இருக்கிறாள். ஐயா தெருமுனை போனதும் மெதுவாக, ஜோதிக்கா, அந்த நகல் வாங்க யாரைப் பார்க்கணும் என்றாள். அவள் மகன் ஜாய்சன் பெங்களூரில் இருக்கிறானே, மருமகள் ஏதோ மேல்படிப்பு படிக்கிறாள் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாளே, அந்தப் படிப்பும் நம் கப்பல் மாதிரிதானாம். தீர்ப்பு வந்தாச்சுக்கா, பேப்பர் வாங்கத்தான் யாரும் போகல, போனா நம்ம சபைக்காரங்க யாராவது பார்த்துடுவாங்கன்னு பயம் என்றாள். எங்களைப் பார்த்ததுபோல அவளையும் பார்க்க ஒரு ஸ்டெபின் இருக்கத்தானே செய்வான். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன். முதலில் ஜாய்சனிடம் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் வாங்கு, நான் பெற்ற அம்மா என்று அங்கே போய்ச் சொல்லாதே, கேஸ் போட்ட வருஷத்தை எழுது, தீர்ப்பு வந்த வருஷத்தை அல்ல என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அவள் பத்ரி சார் மூலம் மனுக் கொடுத்தாள், நான் உன் நகலை வாங்கினேன். வெளிநாட்டுக்கு வேண்டிய முத்திரையையும் அவரே ஏற்பாடு செய்து வாங்கிக் கொடுத்துவிட்டார். வராந்தாவில் எல்லம்மா என்னைப் பார்த்து, உங்க வூட்டுக்காரரோட ராசியாயிட்டீங்களா என்று சத்தமாகக் கேட்டாள். ஆயிட்டோம் என்றேன். அவள் கேஸுக்கும் அடுத்த மாதம் தேதி போட்டிருக்கிறது, ஜெபத்தில் வைத்துக்கொள்.

நகலை ரயிலில் வரும்போது படித்தேன். உன் பெயர், வீட்டு விலாசம், கல்யாணம் நடந்த தேதி, இன்ன தேதி முதல் ரத்து என்று நாலு வரி. நீ அந்த நாட்களில் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தது அதில் எங்கும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அபிகாயில் ஜன்னல் பக்கம் திரும்பி அவளும் அழுதுகொண்டு வந்தாள். வண்டலூரில் சுண்டல் வந்தது, இரண்டு பேரும் வாங்கிச் சாப்பிட்டோம்.

உன்னைக் கேட்காமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கோபமாக இருந்தால் போனில் திட்டு, முழுவதும் கேட்டுக்கொள்கிறேன், குறுக்கே பேச மாட்டேன். இந்தப் பேப்பரை மடிக்காதே, லேமினேட் செய்யாதே, பதிவு அதிகாரியிடம் கொடுக்கும்போது தவறி இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடாதே. நாரத்தை இலை இடித்த வேப்பிலைக்கட்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், ஆல்வினுக்குக் காரம் ஆகாவிட்டால் அவனுக்குக் கொடுக்காதே, நீயே சாப்பிடு. கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் சிரிப்பும் சமாதானமுமாக வைப்பாராக. அந்தப் பிள்ளையிடம் சொல், இங்கே அவனை அவனாகவே அறிமுகப்படுத்தப்போகிறோம், உயரத்தைக் குறைக்க வேண்டாம்.

நேற்று இந்த மாதத்து ஜெபக்கூட்டம். ஆறு வருஷமாக அந்த அறையில் உனக்காக ஜெபக்குறிப்பு கொடுத்திருக்கிறேன் ஜெரூ, ஒரு பிள்ளை, ஒரு குடும்பம், ஒரு காரியம் என்று. நேற்று எழுந்து நின்று, என் மகள் ஜெரூஷாவின் கல்யாணத்துக்காக என்று உன் பெயரைச் சொன்னேன். அதற்கு அடுத்ததாக அபிகாயில் எழுந்து, என் மகன் ஜாய்சனுக்காக என்றாள்.

என்றும் உன் அம்மா,
ஞானஜோதி சுந்தர்சிங்

பி.கு.: எங்கள் உண்மையான கல்யாண நாள் அடுத்த வியாழக்கிழமை. அப்பாவுக்கு நினைவில்லை. நீ ஞாபகப்படுத்தாதே, என்ன செய்கிறார் பார்க்கலாம்.