சுதந்திர தினத்தன்று எங்கள் படலையில்

ஒட்டுசுட்டான்
7.2.1957

அன்புள்ள மகன் கனகலிங்கத்துக்கு,

தான்தோன்றீசுவரர் புண்ணியத்தில் எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான் சுகமில்லை. நீ அந்தச் சிங்கள ஊர்க் காலியில் எப்படி இருக்கிறாயோ என்ற யோசனைதான்.

தம்பி, சுதந்திர தினத்தன்று இங்கே நடந்ததை யாரும் கூட்டிக் குறைத்து உனக்கு எழுதுமுன் நானே எழுதுகிறேன். விடியவே உன் ஐயா தான் வேலைசெய்யும் நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போய்ச் சிங்கக்கொடியை ஏற்றிவிட்டு வந்தார், காவல் பார்க்கிற வாச்சர் வேலை, ஏற்றாமல் முடியுமா. அவர் திரும்புவதற்குள் உன் தங்கச்சி இராசமலர் பழைய குடையின் கறுப்புத் துணியை வெட்டி, வாசல் படலையில் கறுப்புக்கொடியாகக் கட்டிவிட்டாள். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்களுக்கு என்ன சுதந்திரம் என்று ஊரில் பலரும் கட்டினார்கள்தான், ஆனால் நாங்கள் அரசாங்கச் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்கள் அல்லவா. அவிழ்க்க ஓடினேன். ஐயா மறித்து, விடப்பா, அங்க ஏத்தினது கந்தோர்க் கொடி, இது எங்கட வீடு என்றார். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப்போன அந்த வருசம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து கொடி பிடித்துக்கொண்டு வர, சந்தோஷத்தில் அயலெல்லாம் கற்கண்டு கொடுத்த மனுசன்.

மத்தியானம் ஐயாவுக்கு மேலான புது ஓவசியர் ஜீப்பில் வந்து, இதை யார் கட்டினது என்று கேட்டார். இராசமலர் வாய் திறக்குமுன் ஐயா முன்னால் போய், நான்தான் கட்டினனான் என்று சொல்லிவிட்டார். நானும் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாமாம், வருகிற திங்கட்கிழமை வவுனியாப் பெரிய கந்தோருக்கு வரட்டாம். நான் போய் உண்மையைச் சொல்லுறன் என்று இராசமலர் அழுகிறாள். அவளுக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைக்கிற நேரம், அதனால் ஐயா விடமாட்டேன் என்கிறார்.

திருகோணமலையில் கறுப்புக்கொடி கட்டப்போன ஒரு பிள்ளையைச் சுட்டுவிட்டார்களாம், பஸ்ஸில் வந்த துணிக்கடைச் சரீப் சொன்னார். அன்று தொடக்கம் உன் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. உன் வீட்டுக்காரச் சிங்கள அம்மா தங்கமான மனுசி என்று எழுதியிருந்தாய், ஆனால் றோட்டில் போகிற எல்லாரும் அவாவைப்போல் இருப்பார்களா. பொழுதுபடமுன் அறைக்கு வந்துவிடு. தேத்தண்ணிக் கடையில் அரசியல் கதைக்காதே. வேலையிடத்தில் ஐயாவைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல் என்றும் எழுதப் பார்த்தேன், ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. ஓம், அவர் என்ர ஐயாதான் எண்டு சொல்லட்டும் என்றார். எனக்கு எது சரியென்று விளங்கவில்லை ராசா, நீயே யோசித்து நட.

முறிகண்டிப் பிள்ளையார் உன் வழிக்குத் துணையாக இருப்பார். சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முழுக மறவாதே. இதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று ஐயா எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். வரமுடிந்தால் வா.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
இலட்சுமி