எஞ்சின் சத்தத்துக்கு வராத துஸ்ஸெ

நோர்வீக் தீவுத் துறை,
சனிக்கிழமை, 21 ஜூலை 1984

அன்புள்ள இல்வாவுக்கு,

தான்சானியாவின் வெயில் உன்னை வாட்டாமல், கொதிக்க வைத்த தண்ணீரையே குடித்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். எப்போதும் நாங்கள் மூவரும் சுகம் என்றுதான் தொடங்குவேன். இந்த முறை நானும் அப்பாவும் சுகம் என்று மட்டுமே எழுத முடிகிறது. உன் பூனை துஸ்ஸெ எங்களோடு இல்லை. நேற்று வரை உயிரோடு இருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு மொட்டைப் பாறைத்தீவில் அது இருக்கிறது, நாங்கள் இங்கே துறையில் படகைக் கட்டிக்கொண்டு கிடக்கிறோம், நடுவில் மூன்று நாளாகத் தென்மேற்குக் காற்று.

இந்தக் கோடை நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒரு தீவு, அதற்கு மேல் போவதில்லை. துஸ்ஸெ வழக்கம்போல முன்தளத்தில் கயிற்றுச் சுருளுக்குள் படுத்துக்கொண்டு வரும். படகின் மூக்கைப் பாறைக்குக் கொடுத்துக் கட்டியதும் எனக்கு முன்னால் அதுதான் குதிக்கும். கிளம்பும்போது அப்பா எஞ்சினைப் போட்டுவிட்டு ஒரு கோப்பை காப்பி குடிப்பார், அது முடிவதற்குள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடும். இந்தப் பழக்கத்தை உண்டாக்க அவருக்கு இரண்டு கோடை ஆயிற்று என்பது உனக்கே தெரியும். அதற்காகவே கட்டிக் கிடக்கும்போது எஞ்சினைத் தொட மாட்டார், பாட்டரி இறங்கினாலும் விடமாட்டார். "பூனைய ஒரு தடவை ஏமாத்தலாம் குன்னெல், ரெண்டாவது தடவை அது நம்மள ஏமாத்திடும்" என்பார்.

நான் ஏமாற்றினேன் இல்வா. அந்த மொட்டைத் தீவில் மட்டும் நான்கு நாள் தங்கினோம். அப்பா துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவார், பூனை பாறைகளுக்குள் எங்கேயோ போய்விடும், நான் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் நாள் எஞ்சினைப் போட்டேன். வந்தது. மடியில் வைத்துக்கொண்டேன், கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போயிற்று. மறுநாள் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. நான்காவது தடவை பாதி தூரம் வந்து, நின்று, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. ஏன் செய்தாய் என்று நீ கேட்டால், கூப்பிட்டால் வருவதற்கு ஒரு ஜீவன் இருக்கிறதா என்று பார்க்கத்தான். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் வயதில் பெண்கள் போகத்தான் வேண்டும்.

வியாழன் காலை வானொலியில் காற்று எச்சரிக்கை சொன்னார்கள். அந்த இடம் தென்மேற்குக்குத் திறந்து கிடப்பது, உடனே கிளம்பியாக வேண்டும். அப்பா எஞ்சினைப் போட்டார், காப்பி குடித்தார், இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார். ஒரு மணி நேரம் ஓடவிட்டார். நான் பாறை பாறையாக ஏறிக் கத்தினேன். அலை ஏற ஏறப் பின் நங்கூரம் இழுபட்டு, படகு ஒரு தடவை பாறையில் மோதியது. அப்பா முகம் வெளுத்துவிட்டது. "ஏறு குன்னெல், இனிமே நின்னா படகும் இல்ல நாமளும் இல்ல" என்றார். மீன் டின் இரண்டைத் திறந்து பாறை இடுக்கில் வைத்துவிட்டு ஏறினேன். வழியெல்லாம் அவர் தன்னையே நொந்துகொண்டு வந்தார், எஞ்சினின் புகைக்குழாயை மாற்றினேனே, அதனால் சத்தம் மாறியிருக்குமோ என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே ஹில்டிங் என்று ஒரு மீனவர், எழுபது வயது, தனி ஆள். அவர் படகு பெரியது. அவரிடம் போய் நின்றேன். "பூனைக்காக நான் முழுகணுமா? என் பொண்டாட்டி ஓடிப்போனப்பவே நான் தேடிப் போகலையே" என்றார். ஆனாலும் நேற்று வலை எடுக்கப் போனவர் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார். திரும்பி வந்து, "இருக்கும்மா, கறுப்பா, உச்சிப் பாறையில உக்காந்திருந்துச்சு. கவலைப்படாதீங்க, பறவைக்குஞ்சு நிறைய இருக்கு, உங்கள விட நல்லா சாப்பிடுது. ஆனா என் எஞ்சின் சத்தம் கேட்டதும் பாஞ்சு பாறை இடுக்குக்குள்ள போயிடுச்சு, பேயக் கண்ட மாதிரி" என்றார். அப்பா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, "நான் இல்லாதப்ப எஞ்சினப் போட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். எத்தனை தடவை என்றார், சொன்னேன். உள்ளே போய் உருளைக்கிழங்கு வேகவைத்து, எனக்கும் ஒரு தட்டில் போட்டு, நூல் நூலாக இருக்குமே அந்த டில் கீரையைத் தூவிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. இரவெல்லாம் படகு ஆடிக்கொண்டே இருந்தது, இருவரும் தூங்காததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

காற்று திங்கட்கிழமை இறங்கும் என்கிறார்கள். அதற்கு முன் செய்ய ஒன்றுமில்லை. மணிக்கொரு தரம் துறை முனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், பார்ப்பதால் கடல் தணிந்துவிடப் போவதுபோல. திங்களன்று தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டு இறங்குவதென்று இருக்கிறோம். அப்பாவுக்கு மறுநாள் ஆலையில் வேலை. அவர் போகட்டும், நான் கூடாரத்தோடு அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கொசுவலை கட்டாமல் படுக்காதே. மலேரியா மாத்திரையை ஞாயிறுதோறும் தவறாமல் போட்டுக்கொள். உன்னை நம்பி வருகிறவர்களிடம் பொறுமையாக இரு. நீ எங்கே இருந்தாலும் நல்லது உன்னைத் தேடி வரட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

ஒன்றே ஒன்று. துஸ்ஸெ குட்டியாக இருந்தபோது சமையலறைக் கதவில் நின்று நீ அதை ஏதோ சொல்லிக் கூப்பிடுவாய், பெயர் இல்லை, வேறு ஏதோ. எந்த வேலியில் இருந்தாலும் வந்துவிடும். அது என்ன என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அடுப்பைப் பார்த்தபடியே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது, ஒருநாளும் காதில் வாங்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள், உன் பதில் வர இன்னும் பன்னிரண்டு நாள் என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். எழுது.

உன் அம்மா,
குன்னெல்