வியாழக்கிழமை வந்த டாக்டரம்மா

அண்ணி,

போன வாரம் புத்தூர் பஸ் நிலையத்தில் போண்டா வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளைப் பிரித்ததும் எண்ணெய்க் கறைக்கு அடியில் நான் வேலை பார்த்த திட்டத்தின் தெலுங்கு எழுத்துகள் தெரிந்தன. பாதுகாப்பான கருக்கலைப்புச் சிகிச்சை இலவசம், பயப்படாமல் வாருங்கள் என்று நான் வீடு வீடாகக் கொடுத்த துண்டுத்தாள். அலுவலகத்தை மூடியபோது மிச்சமிருந்ததைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். தாளைத் துடைத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

திருப்பதியிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு டாக்டரம்மா நம் பிச்சாட்டூருக்கு வருவார். அவருக்கும் மருந்துக்கும் ஆகும் செலவை வெளிநாட்டு அமைப்பு ஒன்று கொடுத்தது. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள். பெயரைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். அவர்களைக் கூட்டிவந்து, முடியும்வரை பக்கத்தில் இருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது என் வேலை. அம்மாவுக்கு அந்த வேலையே பிடிக்காது. நீங்கள்தான் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, இன்றைக்கு வந்தவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்பீர்கள்.

பிறகு அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்த ஏதோ ஒரு நாட்டில் ஆட்சி மாறியது, பணம் நின்றது. ஒரே ஒரு மின்னஞ்சல். அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா வரவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த நீங்கள் தலை நிமிராமல் கேட்டீர்கள்:

"அந்த டாக்டரம்மா வேற எங்கனா வந்துக்கினு இருக்காங்களா?"

"இல்ல அண்ணி. எல்லாம் மூடிட்டாங்க. இனிமே திருப்பதிக்குத்தான் போவணும்."

நீங்கள் அடுத்த கடலையை எடுத்து உரித்தீர்கள். நான் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது பெண் பிறந்தபோதே, இன்னொரு பிரசவத்தை உங்கள் உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு பையன் பிறக்கட்டும், அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று அம்மா தள்ளிப்போட்டார். ஊரெல்லாம் போய்ப் பேசிய நான் நம் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் கம்பெனி வேலைக்குப் போனால் சனிக்கிழமைதான் வருவார். யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு மருந்துக் கடையில் கருவைக் கலைக்கும் மாத்திரை வாங்கியிருக்கிறீர்கள். எத்தனை மாதம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தீட்டு என்று சொல்லி இரண்டு நாள் படுத்திருந்தீர்கள். மூன்றாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. புத்தூரில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு அனுப்பினார்கள். அதில் போகும்போதுதான் மாத்திரை விஷயத்தையெல்லாம் சொன்னீர்கள்:

"அன்னிக்கு எனக்குத்தான் கேட்டேன்."

"ஏன் அண்ணி சொல்லல?"

"நீதான் மூடிட்டாங்கன்னு சொல்லிட்டியே."

ரேணிகுண்டா தாண்டும்போது நீங்கள் இல்லை.

காரியம் முடிந்ததும், சாவுக்குக் காரணம் எழுதும் படிவத்தோடு ஊர் நர்ஸம்மா வீட்டுக்கு வந்து தெலுங்கில் விசாரித்தார். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் அண்ணன். வேறெதுவும் சொன்னால் நாளைக்கு உங்கள் பெண்களைத்தான் ஊர் பேசும் என்று அம்மா முன்பே எச்சரித்திருந்தார். இப்படிப்பட்ட சாவை மறைக்கக்கூடாது என்று கூட்டம் போட்டுச் சொன்னவள் நான். நர்ஸம்மா என் பக்கம் திரும்பி, அவ்வளவுதானா என்று கேட்டார். தலையாட்டினேன். நீங்கள் எதனால் போனீர்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை, அண்ணி. இதில்தான் முதன்முதலாக எழுதுகிறேன்.

இப்போது துணிக்கடையில் வேலை செய்கிறேன். என் போன் நம்பர் இன்னும் பல பெண்களிடம் இருக்கிறது. நாகலாபுரத்திலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். லீவு போட்டுவிட்டு இரண்டு முறை அவளோடு திருப்பதிக்குப் போய்வந்தேன். முதல் முறை ஸ்கேன் எடுக்க ஆளில்லை. நேற்று டாக்டர் விடுப்பு; திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அவளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது.

திரும்பும் பஸ்ஸில் அவள், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டால் என்ன என்று கேட்டாள். உங்களுக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளியாள் ஒருத்தியிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"திங்கக்கெழமையும் டாக்டர் இல்லன்னா நான் இன்னாக்கா செய்யறது?"

பிச்சாட்டூர் வந்துவிட்டது. நான் இறங்கிக்கொண்டேன். அதே பஸ்ஸில் அவள் நாகலாபுரத்துக்குப் போனாள்.