வழியில் முக்கால் மணி நேரம்

தம்பி,

எனக்குக் காலை ஷிப்ட், கிளம்பிவிட்டேன். கார் சாவி ஆணியில் தொங்குகிறது. மீட்டர் வாய் கூசாமல் நூற்றிருபது கிலோமீட்டர் என்று புளுகும். ஒன்பது வருஷ பேட்டரி, இப்போது இருக்கிற சார்ஜுக்குத் தொண்ணூறுதான் ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவைக் கூட்டி வர நூற்றைந்து. அதனால் திரும்பும்போது வழியில் முக்கால் மணி நேரம் சார்ஜ் போடு. மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏசியை அணைக்காதே, அவருக்குப் புழுக்கம் ஆகாது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

அக்கா

பி.கு.: முழுசாக ஏற்றியிருந்தால் நிற்காமலே வந்துவிடலாம். நான்தான் எண்பது சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். திட்டுவதானால் சாயங்காலம் திட்டு. ஐந்து மாதமாக நீங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சார்ஜ் ஏறும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார். நேற்று போனில், “அவன்தானே வரான்?” என்று மூன்று தடவை கேட்டார்.